குரோசாவாவுக்குச் சொந்த நாட்டில் எந்த இடம்?

வாசகர் கேள்வி, 2 ஜூன் 2024

ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவாவைச் சொந்த நாட்டில் யாரும் மதிக்கவில்லை என்றும், ‘ராஷோமோன்’ படத்துக்கு வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு கிடைத்த பிறகுதான் ஜப்பானியர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்றும் படித்தேன். கடைசிக் காலத்தில்கூட அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் பணம் போட்டதால்தான் அவரால் படம் எடுக்க முடிந்ததாம். இவ்வளவு பெரிய கலைஞரை ஒரு நாடு எப்படிக் கைவிட்டது?

2 ஜூன் 2024, இரவு

கைவிடவில்லை. இந்தக் கதை உலகம் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதால் உண்மை போலாகிவிட்டது. ஜப்பானில் ‘கினெமா ஜுன்போ’ என்ற பழைய திரைப்பட இதழ் ஒவ்வோர் ஆண்டும் விமர்சகர்களின் வாக்கைக் கொண்டு பத்துப் படங்களின் பட்டியலை வெளியிடுகிறது. உள்நாட்டு மதிப்பை அறிய அதைவிட எளிய வழி இல்லை. ‘ராஷோமோன்’ வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1948இல், குரோசாவாவின் ‘குடிகாரத் தேவதை’ அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1949இல் ‘தெருநாய்’ மூன்றாவது. வெனிஸ் விழா அவரைக் கண்டெடுத்தபோது அவர் தன் நாட்டின் முன்னணி இயக்குநர்களில் ஒருவராக ஏற்கெனவே இருந்தார்.

‘ராஷோமோன்’ கதையில் உண்மையும் கலந்திருக்கிறது. படத்தைத் தயாரித்த டைஎய் நிறுவனத்தின் தலைவர் மசாயிச்சி நகாதாவுக்குப் படம் புரியவில்லை, பிடிக்கவும் இல்லை. டோக்கியோவில் இத்தாலியப் படங்களின் விநியோகத்தைக் கவனித்துவந்த ஜூலியானா ஸ்ட்ராமிஜோலி என்ற பெண்மணி பார்த்து, இதைத்தான் வெனிஸுக்கு அனுப்ப வேண்டும் என்று நின்றார். படம் போட்டிக்குப் போனதே குரோசாவாவுக்குத் தெரியாது. 1951இல் விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தது. கிழக்கத்திய விநோதம் பார்க்கும் ஆசையில் வெள்ளைக்காரர்கள் கொடுத்த பரிசு அது என்று சொந்த நாட்டு விமர்சகர்கள் சிலர் சொன்னதைப் பின்னாளில் தன்வரலாற்றில் அவர் வருத்தத்துடன் எழுதியிருக்கிறார்.

3 ஜூன் 2024

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். 1950ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘ராஷோமோன்’ ஐந்தாவது இடத்தில் இருந்தது. முதலிடம் தாதாஷி இமாய் இயக்கிய ‘மீண்டும் சந்திக்கும் நாள் வரை’ என்ற படத்துக்கு. இமாய் அந்தப் பட்டியலில் மொத்தம் ஐந்து முறை முதலிடம் பெற்றவர்; குரோசாவா பெற்றது மூன்று முறை. இமாயின் படம் ஒன்றையாவது பார்த்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. குரோசாவாவை ஜப்பான் மதித்ததா என்று கேட்பதைவிட, அவரோடு சேர்த்து ஜப்பான் மதித்த மற்றவர்கள் கடலைத் தாண்டும்போது எங்கே போனார்கள் என்று கேட்பதுதான் பொருத்தம்.

5 ஜூன் 2024

1954ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். இன்று எந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் அந்த ஆண்டின் ஜப்பானியப் படம் ‘ஏழு சாமுராய்’ என்பார்கள். அந்த ஆண்டு ‘கினெமா ஜுன்போ’ பட்டியலில் ‘ஏழு சாமுராய்’ மூன்றாவது. முதல் இடத்தில் ‘இருபத்து நான்கு கண்கள்’, இரண்டாவது இடத்தில் ‘பெண்களின் தோட்டம்’. இரண்டும் ஒரே இயக்குநருடையவை. அவர் பெயர் கெய்சுகே கினோஷிதா.

இதை முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். பிறகு தேடத் தேட, இந்த இருவரின் வாழ்க்கையும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கிறது என்பது தெரிந்தது. இருவரும் 1943இல் முதல் படம் எடுத்தார்கள். குரோசாவா டோஹோ நிறுவனத்தில், கினோஷிதா ஷோசிகு நிறுவனத்தில். அந்த ஆண்டு புதிய இயக்குநருக்கான யமனாகா சதாவோ பரிசை இருவரும் சேர்ந்தே பெற்றார்கள். போர் முடிந்த மறு ஆண்டான 1946இல் கினோஷிதாவின் ‘ஓசோனே குடும்பத்தின் காலை’ முதலிடம், குரோசாவாவின் ‘நம் இளமைக்காக வருந்தவில்லை’ இரண்டாமிடம். இருவரும் 1998இல், சில மாத இடைவெளியில், காலமானார்கள். ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரே களத்தில் சமமாக நின்ற இருவரில் ஒருவரை மட்டும் உலகம் அறிந்திருக்கிறது.

5 ஜூன் 2024, பின்னிரவு

சேர்க்க வேண்டிய இன்னொன்று: 1953இல் இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ இரண்டாவது இடத்தில்தான் இருந்தது. முதலிடம் மறுபடியும் இமாய்க்கு. மற்றோர் இயக்குநரான மிசோகுச்சியின் ‘ஓஹாருவின் வாழ்க்கை’ 1952இல் வெனிஸில் பரிசு பெற்றது; உள்ளூர்ப் பட்டியலில் அதற்கு ஒன்பதாவது இடம்.

8 ஜூன் 2024

“அப்படியானால் அன்றைய ஜப்பானிய விமர்சகர்களுக்கு ரசனை இல்லை என்றுதானே பொருள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த முடிவுக்கு வருவதுதான் எளிது. ஆனால் இதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

‘இருபத்து நான்கு கண்கள்’ சாகாயே சுபோய் என்ற பெண் எழுத்தாளரின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. உள்கடலில் இருக்கும் ஷோதோஷிமா என்ற தீவில், 1928இல், ஓர் இளம் ஆசிரியை மிதிவண்டியில் பள்ளிக்கு வருகிறார். அவருடைய முதல் வகுப்பில் பன்னிரண்டு குழந்தைகள். அந்தக் குழந்தைகள் வளர்கிறார்கள். வறுமையால் சிலர் படிப்பை விடுகிறார்கள். பையன்கள் போருக்குப் போகிறார்கள். சிலர் திரும்பி வருவதில்லை. ஆசிரியையின் கணவரும் போரில் இறக்கிறார். தோல்விக்குப் பிறகு, 1946இல், அவர் அதே பள்ளிக்குத் திரும்பித் தன் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் பாடம் நடத்துகிறார். ஹிதேகோ தகாமினே ஆசிரியையாக நடித்திருக்கிறார். படத்தில் வில்லன் கிடையாது, திடீர்த் திருப்பம் கிடையாது. குழந்தைகள் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதல்முறை இதைக் கணினித் திரையில் தனியாகப் பார்த்தபோது எனக்குப் பொறுமை தாங்கவில்லை. பாட்டு வரும் இடங்கள் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றியது. பின்னர் டோக்கியோவில் வேலை பார்த்த காலத்தில், பழைய படங்களை மட்டும் போடும் ஒரு சிறிய அரங்கில் இதே படத்தைப் பார்க்க நேர்ந்தது. பார்வையாளர்களில் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்தவர்கள். பள்ளி நிறைவு விழாக்களில் ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லிப் பாடும் ‘ஆஓகேபா தோதோஷி’ என்ற பாடல் படத்தில் ஒலித்தபோது, எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி உதட்டை அசைத்துச் சேர்ந்து பாடினார். அவர் பக்கத்தில் இருந்தவரும் பாடினார். எனக்கு இழுவையாகத் தெரிந்த அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றும் அவர்கள் எந்த வகுப்பில், யாரோடு நின்று பாடியது என்ற நினைவைக் கிளறுகின்றன. அந்த வகுப்புத் தோழர்களில் எத்தனை பேர் போரில் போனார்கள் என்பதும் அந்த நினைவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1954இல், போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், அந்த அரங்குகள் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்கு ஓரளவு விளங்கியது.

இந்த அனுபவத்தை வசன மொழிபெயர்ப்பால் கொண்டுவர முடியாது. ‘ஏழு சாமுராய்’ படத்தில் மழையில் நடக்கும் கடைசிச் சண்டையைப் புரிந்துகொள்ள யாருக்கும் எந்த முன்நினைவும் வேண்டாம். இது குரோசாவாவின் குறை என்று நான் சொல்லவில்லை; அவ்வளவு தெளிவாகக் காட்சியை அமைக்க மகா கலைஞனால்தான் முடியும். ஆனால் எந்தப் படம் எல்லை தாண்டும், எது தாண்டாது என்பதைத் தரம் மட்டுமே தீர்மானிப்பதில்லை.

9 ஜூன் 2024

‘ஏழு சாமுராய்’ உள்நாட்டில் ஓடவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. மூன்றரை மணி நேரப் படமாக இருந்தும் மக்கள் திரண்டு பார்த்தார்கள். விமர்சகர்களிடையே ஒரு சர்ச்சை இருந்தது. நாட்டின் தற்காப்புப் படை உருவாக்கப்பட்ட அதே ஆண்டில், ஊரைக் காக்க ஆயுதம் ஏந்தியவர்களை அழைத்துவரும் கதை வந்ததால், இது நாடு மீண்டும் ஆயுதம் ஏந்துவதற்கு ஆதரவான படம் என்று வாசித்தவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டுப் பார்வையாளருக்கு இந்தச் சர்ச்சை தெரியாது. வெனிஸில் சுருக்கப்பட்ட வடிவம்தான் காட்டப்பட்டது, அதற்கே வெள்ளிச் சிங்கம் கிடைத்தது.

12 ஜூன் 2024

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன்: வெளிநாட்டுப் பணம்.

1965இல் ‘சிவப்புத்தாடி’ வந்தது, பட்டியலில் முதலிடம். அதன்பின் நடந்தவை துயரமானவை. ‘தோரா தோரா தோரா’ படத்தின் ஜப்பானியப் பகுதியை இயக்க அமெரிக்க நிறுவனம் ஒன்று அவரை அமர்த்தி, 1968 இறுதியில் படப்பிடிப்பின் நடுவே நீக்கியது. 1970இல் அவர் எடுத்த ‘தோதெஸ்காதென்’ வசூலில் தோற்றது. 1971 டிசம்பரில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். 1975இல் ‘தெர்சு உசாலா’ சோவியத் நிறுவனமான மாஸ்ஃபிலிமின் தயாரிப்பாக, ரஷ்ய மொழியில் வந்தது. 1980இல் ‘காகெமுஷா’வுக்கு டோஹோவின் பணம் போதாமல் போனபோது, அமெரிக்க இயக்குநர்கள் கொப்போலாவும் லூகாஸும் பேசி ஃபாக்ஸ் நிறுவனத்தை வெளிநாட்டு உரிமை வாங்க வைத்தார்கள். 1985இல் ‘ரான்’ படத்துக்குப் பிரெஞ்சுத் தயாரிப்பாளர் செர்ஜ் சில்பர்மான் வந்தார்.

இதைப் பார்த்தால் கைவிட்ட நாடு என்றுதான் தோன்றும். ஆனால் வசூலில் தோற்ற அந்தத் ‘தோதெஸ்காதென்’ படத்தையே ஜப்பானிய விமர்சகர்கள் அந்த ஆண்டின் மூன்றாவது சிறந்த படமாக வைத்தார்கள். ‘காகெமுஷா’ இரண்டாவது, ‘ரான்’ இரண்டாவது. 1980இல் வெளியான ஜப்பானியப் படங்களில் மிக அதிகம் வசூலித்ததும் ‘காகெமுஷா’தான். 1985இல் அரசு அவருக்குப் பண்பாட்டுக்கான உயர் விருதை அளித்தது. திரைப்பட இயக்குநர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அவர் மறைந்த பிறகு மக்கள் கௌரவ விருதும் வழங்கப்பட்டது.

அப்படியிருக்க, பணம் ஏன் கிடைக்கவில்லை? 1958இல் ஜப்பானியத் திரையரங்குகளில் விற்ற அனுமதிச் சீட்டுகள் ஏறத்தாழ 112 கோடி. 1970இல் அது 25 கோடிக்கு இறங்கியிருந்தது. தொலைக்காட்சி எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. டைஎய் 1971இல் திவாலானது. பெரும் செட்டுகளும் நூற்றுக்கணக்கான குதிரைகளும் மாதக்கணக்கான படப்பிடிப்பும் வேண்டிய ஓர் இயக்குநருக்கு, அப்படி ஒரு காலத்தில் எந்த நிறுவனம் துணிந்து முதல் போடும்? குரோசாவா மீது அவர்களுக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணம் இல்லை, துணிச்சலும் இல்லை.

இந்த இடத்தில் நான் ஜப்பானியத் தயாரிப்பு நிறுவனங்களை முழுமையாக விடுவிக்கவும் மாட்டேன். ‘ரான்’ படத்தைச் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் போட்டிக்கு ஜப்பான் அனுப்பவில்லை. வேறொரு படத்தை அனுப்பியது. அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் முன்னின்று ஆதரவு திரட்ட, அமெரிக்கத் திரைத்துறையினரே குரோசாவாவைச் சிறந்த இயக்குநர் பிரிவில் பரிந்துரைத்தார்கள். எழுபத்தைந்து வயதுக் கலைஞர் ஒருவருக்கு உள்நாட்டுத் திரைத்துறை செய்த இந்த அலட்சியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

12 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. இதே சரிவுதான் கினோஷிதாவையும் தாக்கியது. அவர் வேறு பக்கம் போனார். 1964இல் ஷோசிகுவை விட்டு விலகி, தொலைக்காட்சிக்குள் இறங்கினார். டிபிஎஸ் அலைவரிசையில் அவர் பெயரையே தாங்கிய தொடர் நாடகங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. அவரிடம் உதவி இயக்குநராக இருந்த தாயிச்சி யமதா அந்த நாடகங்களுக்கு எழுதத் தொடங்கித்தான் பின்னர் ஜப்பானின் மிகச் சிறந்த தொலைக்காட்சி எழுத்தாளர்களில் ஒருவரானார்.

ஆக, தன் பார்வையாளர்கள் வீட்டுக்குள் போனபோது கினோஷிதா அவர்களோடு வீட்டுக்குள் போனார். குரோசாவாவின் படங்கள் வீட்டுக்குள் அடங்காதவை, ஆகவே அவர் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. எழுபதுகளில் வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களும் பல்கலைக்கழகங்களும் ஜப்பானிய சினிமாவைப் பாடமாக்கிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சி நாடகத்தைத் தேடிப் பார்த்தவர்கள் யாருமில்லை. கினோஷிதாவின் பெயர் வெளியே மங்கியதற்கு இதுவே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

14 ஜூன் 2024

ஒரு நண்பர் நினைவூட்டியதால் இதையும் குறிக்கிறேன். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. ‘ராஷோமோன்’ அதில் இடம்பெற்றது. அந்தப் படத்தின் தாக்கத்தில்தான் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ கதையை உருவாக்கினார். ஏவிஎம் தயாரிப்பில் 1954இல், பாட்டே இல்லாமல், அது வந்தது. ஒரே நிகழ்வைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அமைப்பு எந்த ஊருக்கும் எடுத்துப் போகக்கூடியது. அதே 1954இல் வந்த ‘இருபத்து நான்கு கண்க’ளிலிருந்து எதையும் அப்படித் தனியே கழற்றி எடுத்துவர முடியாது.

17 ஜூன் 2024

“ஓசுவும் குடும்பக் கதைதானே எடுத்தார், அவர் மட்டும் எப்படி உலகப் புகழ் பெற்றார்?” நல்ல கேள்வி, என் வாதத்தின் பலவீனமான இடத்தைத் தொடுகிறது.

ஓசுவுக்கும் காத்திருப்பு நீண்டது. அயல்நாட்டாருக்குப் புரியாது என்று ஷோசிகு நினைத்ததால் அவர் படங்களை வெளியே அனுப்புவதில் அக்கறை காட்டவில்லை. ‘டோக்கியோ ஸ்டோரி’ லண்டனில் பரிசு பெற்றது 1958இல். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 1972இல், ஓசு இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அது முதலிடம் பெற்றது. ஓசுவிடம் ஒரே பாணி இருக்கிறது: தாழ்ந்த கேமரா, அசையாத சட்டகம், திரும்பத் திரும்ப வரும் அதே நடிகர்கள். ஒரு படத்தைப் பார்த்தாலே அடுத்ததை அடையாளம் காணலாம். ஆகவே அவரைப் பற்றி நூல் எழுதவும் வகுப்பு எடுக்கவும் முடிந்தது.

கினோஷிதா ஒவ்வொரு படத்திலும் வேறு ஆளாக இருந்தார். 1951இல் ஜப்பானின் முதல் வண்ணப் படமான ‘கார்மென் ஊர் திரும்புகிறாள்’ ஒரு நகைச்சுவைப் படம். 1958இல் ‘நராயாமா பாடல்’ ஏறத்தாழ முழுவதும் ஸ்டூடியோவுக்குள், ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் அமைப்பில், வர்ணம் தீட்டிய வானத்தின் கீழே எடுக்கப்பட்டது. கினோஷிதா படம் எப்படி இருக்கும் என்று ஒரு வரியில் சொல்லுங்கள் என்றால் என்னால் முடியாது. தன் நாட்டவருக்கு அந்தப் பன்மை விருந்து. அயலவருக்கு அடையாளம் காட்ட ஒரு முகம் வேண்டும்.

‘நராயாமா’வின் கதை இன்னும் வருத்தமானது. முதியவர்களை மலையில் கொண்டுபோய் விடும் ஊரைப் பற்றிய அந்தக் கதையை ஷோஹெய் இமாமுரா 1983இல் மீண்டும் படமாக்கிக் கான் விழாவில் தங்கப் பனை பெற்றார். இன்று வெளிநாட்டில் அந்தத் தலைப்பைச் சொன்னால் பெரும்பாலோர் இமாமுராவை நினைக்கிறார்கள். இமாமுராவின் படமும் அரியதே. இரண்டையும் பார்க்காதவர் எதையும் முழுமையாகப் பார்த்தவராகார் என்பது என் கருத்து.

18 ஜூன் 2024

ஜப்பானியர்களின் சொந்த மதிப்பீடும் மாறியிருக்கிறது. ‘கினெமா ஜுன்போ’ 2009இல் வெளியிட்ட எக்காலத்துக்குமான பட்டியலில் ‘டோக்கியோ ஸ்டோரி’ முதலிடம், ‘ஏழு சாமுராய்’ இரண்டாமிடம். ஐம்பதுகளில் இமாய்க்கும் கினோஷிதாவுக்கும் பின்னால் நின்ற படங்கள் இவை. உலகின் மதிப்பு உள்ளே திரும்பி வந்து உள்ளூர் மதிப்பையும் மாற்றியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. காலம் சலித்து வடிகட்டியதும் அதில் இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்துக் காண எனக்கு வழி தெரியவில்லை.

குரோசாவா தான் வெளிநாட்டாருக்காகப் படம் எடுத்ததில்லை, ஜப்பானிய இளைஞர்களை எண்ணியே எடுத்தேன் என்று பலமுறை சொன்னவர். ‘மேற்கத்தியத் தன்மை கொண்டவர்’ என்று உள்நாட்டில் அவருக்கு ஒட்டிய முத்திரை அவரை எவ்வளவு புண்படுத்தியது என்பது அவர் பேட்டிகளைப் படித்தால் தெரியும்.

22 ஜூன் 2024

கினோஷிதாவை எங்கிருந்து தொடங்குவது என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். ‘இருபத்து நான்கு கண்க’ளை முதலில் பார்க்காதீர்கள். 1944இல் வந்த ‘ராணுவம்’ படத்திலிருந்து தொடங்குங்கள். போர்க்காலப் பிரச்சாரத்துக்காக எடுக்கச் சொன்ன படம் அது. கடைசிக் காட்சியில், போருக்கு அணிவகுத்துச் செல்லும் மகனைத் தேடி, தாயாக நடிக்கும் கினுயோ தனாகா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடுகிறார். வசனமே இல்லாமல் நிமிடக்கணக்கில் நீளும் அந்த ஓட்டத்தில் பிரச்சாரம் முழுவதும் நொறுங்கிவிடுகிறது. ராணுவ அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கினோஷிதா நிறுவனத்திலிருந்து விலகி ஊருக்குப் போய்விட்டார். போர் முடிந்துதான் திரும்பினார்.

அதன்பின் ‘நராயாமா பாடல்’. கியோத்தோவின் மகளிர் கல்லூரி ஒன்றில் மாணவிகள் நிர்வாகத்தை எதிர்த்து எழும் ‘பெண்களின் தோட்டம்’ மூன்றாவதாக வரட்டும். அதைப் பார்க்கும் வாரத்திலேயே ‘ஏழு சாமுராய்’ படத்தையும் மறுபடி பாருங்கள், முழு நீள வடிவத்தில். 1954இல் ஜப்பானிய விமர்சகர் ஒருவர் கையில் வாக்குச்சீட்டை வைத்துக்கொண்டு எதையெல்லாம் எடைபோட்டிருப்பார் என்பது அப்போது தெரியும். என் வாக்கு ‘ஏழு சாமுராய்’ படத்துக்கே. ஆனால் அந்தப் பட்டியலில் அதற்கு முன்னால் நின்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் அதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.